பளபளக்கும் குழாயும் பட்டினி கிடக்கும் ராக்கரும்: பழைய புல்லட்டின் ஆயில் லைன் பற்றி ஒரு விமர்சனம்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியலைப் பாருங்கள். பெயின்ட், குரோம், சீட் கவர், சைலன்சர், டேங்க்கில் கையால் இழுக்கும் தங்கக் கோடு. காசு இந்த வரிசையில்தான் போகும். எஞ்சினின் வலதுபக்கம் சிலிண்டரை ஒட்டி மேலே ஏறுகிற, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஆயில் குழாய் அந்தப் பட்டியலில் இருக்காது. இருந்தாலும், "அதையும் சேர்த்து குரோம் பண்ணிடுங்க" என்ற ஒரு வரியாகத்தான் இருக்கும்.

இந்தக் குறிப்பு அந்தக் குழாயைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பழையது விரிந்தோ அடைத்தோ போன பிறகு அதற்குப் பதிலாக நாம் செய்து மாட்டுகிற குழாய்களைப் பற்றியது. ஒட்டன்சத்திரத்திலும், பழனி, திண்டுக்கல் சாலைப் பட்டறைகளிலும் பார்க்கக் கிடைத்த மாற்றுக் குழாய்களை வைத்து எழுதுகிறேன். என் புகார் ஒன்றுதான். குழாயை நாம் வெளியே பார்த்து மதிப்பிடுகிறோம். அது வேலை செய்வதோ உள்ளே.

ஒரு டீஸ்பூன் எண்ணெய்

முதலில் குழாயின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

புல்லட் 350-இன் எஞ்சின் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. எண்ணெய்க்குத் தனியாக டேங்க் கிடையாது. கிராங்க் கேஸிலேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டேகால் லிட்டருக்குப் பக்கத்தில் பிடிக்கும். டைமிங் கவருக்குள் இருக்கும் சின்ன பிளஞ்சர் பம்புகள், கிராங்க் முனையில் உள்ள வார்ம் கியரின் உபயத்தில் மெதுவாக முன்னும் பின்னும் ஆடி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. ஒரு பங்கு பிக் எண்டுக்குப் போகிறது. இன்னொரு பங்கு வெளியே வந்து, நம்முடைய இந்தக் குழாய் வழியாக மேலேறி, சிலிண்டர் ஹெட்டுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை இன்லெட் ராக்கருக்கும் ஒரு கிளை எக்ஸாஸ்ட் ராக்கருக்கும் போகிறது. ராக்கரை நனைத்த எண்ணெய், புஷ்ராடு இறங்கும் சுரங்கம் வழியாகத் தானாகக் கீழே வந்துவிடும். மேலே ஏறுவதற்கு மட்டும்தான் குழாய் வேண்டும்.

40 செ.மீ. நீளம், 4 மி.மீ. உள்விட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், குழாய் முழுக்க நிறைந்திருக்கும் எண்ணெய் சுமார் 5 மில்லி. ஒரு டீஸ்பூன். இவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அந்த டீஸ்பூன் வரவில்லை என்றால் மேலே இருக்கிற நான்கைந்து சாமான்கள் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும்.

வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இந்த வண்டியில் ஆயில் பிரஷர் விளக்கு கிடையாது. முதலில் கேட்பது மேலே ஒரு 'டக் டக்'. நம் ஊரில் எந்த 'டக் டக்'குக்கும் ஒரே பெயர், டேப்பெட் சத்தம். உடனே டேப்பெட்டை இறுக்கிக் கொடுப்பார்கள். சத்தம் ஒரு வாரம் அடங்கும். பட்டினி கிடக்கிறவனுக்கு வாயைக் கட்டிவிட்ட மாதிரி. பிறகு ராக்கர், அதன் பேரிங் பிளாக், வால்வின் தண்டு என்று வரிசையாகத் தேய்ந்தது தெரியவரும்போது செலவு எங்கேயோ போயிருக்கும்.

கம்பெனி சாமான் என்றால் எந்தக் கம்பெனி?

"லோக்கல் பைப் வேண்டாம் சார், கம்பெனி சாமான் போடுங்க" என்பது கவுன்டரில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த எஞ்சின் விஷயத்தில் 'கம்பெனி' என்ற சொல்லை ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச்சில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டியைப் பூட்டத் தொடங்கின. சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கே வந்து, 1960-களின் தொடக்கத்தில் பாகங்கள் எல்லாம் இங்கேயே செய்யப்படும் நிலை வந்தது. 1967-இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1994-இல் ஐஷர் வாங்கியது. 2009-ஐ ஒட்டி யூனிட் எஞ்சின் வந்த பிறகு, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் உற்பத்தியிலிருந்து விலகியது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பிரிட்டிஷ் எஞ்சின் என்று நாம் பெருமையாகச் சொல்லும் இது, இங்கிலாந்தில் வாழ்ந்ததைவிட வடசென்னையில் வாழ்ந்த காலம்தான் மிக நீளம். இப்போது அதற்குச் சாமான் வருவது பெரும்பாலும் பலவகைப் பட்டறைகளிலிருந்து. பெட்டிமேல் என்ன எழுத்து இருந்தாலும், உள்ளே இருக்கும் குழாயை யாரோ ஒருவர் வளைத்து, யாரோ ஒருவர் பற்றவைத்திருக்கிறார். அவர் அதைச் சரியாகச் செய்தாரா என்பதைப் பெட்டி சொல்லாது. ஊதிப் பார்த்தால் தெரியும். கடையில் வாங்கும்போது குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பித்தளை ஓட்டின் பளபளப்புக்காகவா கிடைத்தது? உள்ளே இருக்கும் லீவர்களை நம்பித்தான் மனிதர்கள் பீரோவுக்கும் கோவிலுக்கும் அந்தப் பூட்டைப் போட்டார்கள். பூட்டை உள்ளிருந்து மதிப்பிடத் தெரிந்த ஊர், எண்ணெய்க் குழாயை மட்டும் வெளியிலிருந்து மதிப்பிடுவது எனக்கு விளங்கவில்லை.

மூன்று மாற்றுகள்

பட்டறைகளில் கிடைக்கும் மாற்றுக் குழாய்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பழைய குழாயையே சுத்தப்படுத்தி, விரிசலை ஒட்டி, குரோம் பூசி மாட்டுவது. பார்க்க இதுதான் அழகு. சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. குரோம் போடும் முன் பஃபிங் சக்கரத்தில் தேய்ப்பார்கள். குழாயும் பேஞ்சோ தலையும் சேரும் இடத்தில் இருக்கும் பித்தளை ஒட்டு அப்போது தேய்ந்து மெலியும். பாலிஷ் மெழுகு வாய் வழியாக உள்ளே போய் உட்காரும். விரிசலை ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் அது இன்னும் மோசம். மின் வேலைக்குப் பயன்படும் சாதாரண ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும்; உருகுவதற்கு வெகு முன்பே பலம் இழந்துவிடும். காற்றால் குளிரும் எஞ்சினில் ஹெட்டுக்குப் பக்கத்தில் 150 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை, அதுவும் பங்குனி வெயிலில் பழனி பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால். கூடவே அதிர்வு. ஈயம் தாங்காது.

இரண்டாவது, இப்போது நாகரிகமாகிவிட்ட ஸ்டீல் பின்னல் ஹோஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது 'அப்கிரேடு' என்ற பெயரில் விற்கிறது. நல்ல ஹோஸும் இருக்கிறது. உள்குழாய் பி.டி.எஃப்.இ. ஆக இருந்தால், அதாவது டெஃப்லான் வகையாக இருந்தால், வெப்பமும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் ஸ்டீல் பின்னல் வெறும் சட்டைதான். விஷயம் உள்ளே இருக்கும் பொருளில்.

ஆனால் இங்கே நடப்பது வேறு. பேஞ்சோ தலை இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கிறதே என்று, டிஸ்க் பிரேக் ஹோஸை எடுத்து ஆயில் லைனாக மாட்டிவிடுகிறார்கள். பிரேக் ஹோஸில் பெரும்பாலும் இருப்பது இ.பி.டி.எம். ரப்பர். கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்துக்கு அது அருமையான பொருள். எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப் பெருக்கும். வெளியே பின்னல் இறுக்கிப் பிடித்திருப்பதால் ரப்பர் வெளிப்பக்கம் ஊத முடியாது. எந்தப் பக்கம் ஊதும்? உள்பக்கம்தான். வெளியே பார்த்தால் சொட்டு எண்ணெய்கூடக் கசியாது, பளிச்சென்று இருக்கும். உள்ளே துவாரம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும்.

சிறுத்தால் எவ்வளவு நஷ்டம்? இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. மெல்லிய குழாயில் மெதுவாக ஓடும் எண்ணெயின் அளவு, அதே தள்ளுதலுக்கு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துவாரம் 3 மி.மீ. ஆனால், முக்கால்வாசி எண்ணெய் போகும் என்று தோன்றும். போவது மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. 2 மி.மீ. ஆனால் பதினாறில் ஒரு பங்கு. பிளஞ்சர் பம்ப் பிடிவாதக்காரன், தள்ளிக்கொண்டேதான் இருக்கும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வழி அடைபட்டால் எண்ணெய் எளிதான வேறு வழியைத் தேடும். இரண்டு கிளையில் ஒன்று மட்டும் சிறுத்திருந்தால், எண்ணெய் முக்கால்வாசி மற்ற கிளைக்குப் போய்விடும். சிறுத்தது எக்ஸாஸ்ட் கிளை என்றால், அதிகச் சூட்டில் இருக்கும் ராக்கருக்குக் குறைந்த எண்ணெய். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குச் சாம்பார் வராத கதை.

"அப்படின்னா பெரிய ஹோஸா போட்டுடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் ஒரு பிழை. பழைய டிரயம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் ராக்கருக்கு எண்ணெய், டேங்க்குக்குத் திரும்பும் லைனிலிருந்து ஒரு சின்னக் கிளையாக எடுக்கப்பட்டிருக்கும். கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. மேலே தேவைக்கு மேல் எண்ணெய் போனால் அது வால்வு கைடு வழியாக எரியும் அறைக்குள் இறங்கிப் புகையும். ராக்கருக்கு வேண்டியது குளியல் இல்லை, விடாமல் சொட்டும் சொட்டு.

இந்த வகையில் இன்னொரு கிளை, உள்ளே எண்ணெய் ஓடுவது தெரியட்டும் என்று மாட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப். பெட்ரோல் டியூப் விற்கும் கடையிலேயே கிடைக்கும். பி.வி.சி. 80 டிகிரிக்கு மேல் கொழகொழவென்று ஆகும், ஆறியதும் விறைக்கும். இரண்டு மாதத்தில் கிளிப்புக்குக் கீழே வெடிப்பு விழும். எண்ணெய் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, எண்ணெய் ரோட்டில் ஓடுவதைப் பார்க்கும்படி ஆகும்.

உள்ளூர்ச் செம்பு

மூன்றாவது வகை, உள்ளூரிலேயே செம்புக் குழாயில் செய்வது. எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இதைக் கடுமையாக விமர்சிக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் மாதிரி ஊரில் இதற்கு வேண்டிய கைகள் எல்லாம் இருக்கின்றன. காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் லாரிகள், சுற்றுவட்டாரத்து டிராக்டர்கள், போர்வெல் மோட்டார்கள் ஆகியவற்றின் புண்ணியத்தில் லேத்து உண்டு, ஹைட்ராலிக் ஹோஸ் கடை உண்டு, கேஸ் வெல்டிங் உண்டு. ஃபிரிட்ஜ், ஏசி பார்ப்பவரிடம் கால் அங்குலச் செம்புக் குழாய் சுருளாக இருக்கும், வெளிவிட்டம் 6.35 மி.மீ. லேத்துக்காரர் பழைய பேஞ்சோ தலையை மாதிரி வைத்து இரும்பிலோ பித்தளையிலோ புதிதாகக் கடைந்து கொடுப்பார். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வளைத்துப் பற்றவைப்பார். ஒரு நாள் வேலை.

"நம்ம ஊர் மெக்கானிக் எதையும் செஞ்சிடுவாருப்பா" என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த மெச்சுதலில் எனக்குச் சம்மதம் இல்லை. எதையும் செய்துவிடுவார் என்பது, எப்படிச் செய்தார் என்று கேட்காமல் இருப்பதற்கான சாக்கு. கேட்டால் மூன்று விஷயம் வரும்.

ஒன்று, பற்றுக்கம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக் அன்றாடம் பயன்படுத்துவது பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி. செம்போடு செம்பைச் சேர்க்க அதுபோல் சுலபமானது இல்லை. ஃபிளக்ஸ் பொடிகூட வேண்டாம், தண்ணீர் மாதிரி ஓடிப் பிடிக்கும். ஆனால் நம் பேஞ்சோ தலை இரும்பாக இருந்தால் அதே கம்பி துரோகம் செய்யும். பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து, இணைப்பில் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு படலம் உருவாகும். ஒட்டியது ஒட்டியபடி அழகாகத் தெரியும். ஒற்றை சிலிண்டரின் குலுக்கலில் ஒரு நாள் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். இரும்பும் செம்பும் சேரும் இடத்துக்கு ஃபிளக்ஸோடு வெள்ளிப்பற்று வேண்டும். விலை கூடுதல்தான். குரோமுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்னப் பங்கு. இல்லையென்றால் தலையைப் பித்தளையில் கடையச் சொல்லி, அதற்கேற்ற ஃபிளக்ஸோடு பற்றவைக்க வேண்டும்.

இரண்டு, உள்ளே சேரும் குப்பை. குழாய் நசுங்காமல் வளைக்க மணலை நிரப்பி வளைப்பது பழைய வித்தை. வீட்டுக் கைப்பிடிக் குழாய்க்கு ஓகே. ராக்கர் பேரிங்குக்குப் போகும் குழாயில் மணலா? நான்கு துகள் தங்கினாலும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். வளைக்கும் ஸ்பிரிங் எல்லா ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடமும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். பற்றவைக்கும் சூட்டில் செம்பின் உள்சுவரில் கரும்படலம் படியும். அது பிறகு செதில் செதிலாக உதிரும். ஏசி வேலையில் கவனமானவர்கள் நைட்ரஜனை உள்ளே மெல்ல விட்டுக்கொண்டே பற்றவைப்பது இதற்காகத்தான். நைட்ரஜன் இல்லாவிட்டால், வேலை முடிந்ததும் குழாயை நன்றாகக் கழுவி, தட்டி, ஊதி, மறுபடி கழுவ வேண்டும்.

மூன்று, செம்பின் குணம். ஒரு செம்புக் கம்பியை நாலைந்து தடவை வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் விறைப்பு கூடும், கடைசியில் முறியும். எஞ்சினின் அதிர்வு அதே வேலையைப் பொடிப்பொடியாக, லட்சக்கணக்கான தடவை செய்கிறது. மருந்து சுலபம்: மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மெழுகு மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் முக்கினாலும் பரவாயில்லை. உளி இரும்பு மாதிரி செம்பு அதனால் கெட்டிப்படாது. இணைப்பைப் பற்றவைக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பழைய செம்பு வாஷரைச் சுட்டு மறுபடி போடும் மெக்கானிக்குக் குழாயையும் சுட வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்? தெரியும். வண்டிக்காரர் "சாயங்காலம் வேணும்ணே" என்று நிற்கும்போது அந்த வேலைதான் முதலில் கழிபடுகிறது.

கூடவே ஒரு வார்த்தை வளைவைப் பற்றி. பழைய குழாய் நேராகப் போகாமல் கொஞ்சம் சுற்றிப் போவதைப் பார்த்து, "எதுக்கு இவ்வளவு நீளம்" என்று விறைப்பாக, நேராகச் செய்து கொடுக்கிறார்கள். சிலிண்டர் சூட்டில் வளரும். 15 செ.மீ. வார்ப்பிரும்பு 100 டிகிரி ஏறினால் சுமார் 0.17 மி.மீ. நீளும். அற்பம்தான். ஆனால் செம்பு அதே சூட்டில் வேறு அளவு நீளும். இரண்டும் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதும் இல்லை. அந்த வித்தியாசத்தை வளைவு வாங்கிக்கொள்ளும். வளைவு இல்லாவிட்டால் இணைப்பு வாங்கும்.

மரை

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு குற்றம் இருக்கிறது. அது போல்ட்டில். பழைய பிரிட்டிஷ் வார்ப்புகளில் பைப் மரைகளும் சைக்கிள் மரைகளும் கலந்து கிடக்கும். உதாரணத்துக்கு, அரைக்கால் அங்குல பி.எஸ்.பி. மரை: வெளிவிட்டம் 9.73 மி.மீ., அங்குலத்துக்கு 28 சுற்று, 55 டிகிரிக் கோணம். பிரேக் கடையில் கிடைக்கும் 10 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் பேஞ்சோ போல்ட்: அங்குலத்துக்கு 25.4 சுற்று, 60 டிகிரி. கண்ணால் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கெட்டிப்படும். கெட்டியாக இருப்பது நல்லது என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு. அலுமினியத்தில் இருந்த அசல் மரை அங்கேயே முடிந்தது. ஒரு குழாய்க்காக ஹெட்டுக்கே வைத்தியம் பார்க்கும் நிலை. அந்தப் பிரேக் போல்ட்டின் குறுக்குத் துவாரமும் பொடி என்பதால், குழாய் சரியாக இருந்தாலும் வாசலிலேயே அடைப்பு.

மரை அளக்கும் கேஜ் ஒன்று எல்லா லேத்திலும் தொங்கும். எடுத்து வைத்துப் பார்க்க அரை நிமிடம்.

என்ன கேட்கலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம், செய்யக்கூடியதையும் சொல்ல வேண்டும். செலவில்லாத மூன்று சோதனைகளை முன்வைக்கிறேன்.

முதல் சோதனைக்குப் பஞ்சர் கடைத் தொட்டி போதும். குழாயின் இரண்டு வாயை அடைத்து, மூன்றாவது வழியாகக் காற்றடித்து, தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. குமிழி வந்தால் பற்றவைத்தது சரியில்லை.

இரண்டாவது, இரண்டு பாட்டில் சோதனை. குழாயை எஞ்சினில் நிற்கும் கோணத்துக்குத் தலைகீழாகக் கட்டி, கீழ் முனையில் புனல் வைத்து, எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயிலை ஊற்றுங்கள். இரண்டு கிளைக்கும் கீழே ஆளுக்கொரு பாட்டில். பத்து நிமிடம் கழித்து இரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால், ஒரு கிளையில் ஒட்டு உள்ளே வழிந்திருக்கிறது. குரோம் எவ்வளவு மின்னினாலும் அந்தக் குழாய் பழுது.

மூன்றாவது, மாட்டிய பிறகு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் மேலே வரும் வரை கிக்கரை உதைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டு, மேல் பேஞ்சோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்ப்பது. இதைப் பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வார்கள். ஆனால் பெரும்பாலும் கைக்கு எட்டுகிற ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்துவார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஒன்றில் எண்ணெய் வந்தது என்பதற்காக இன்னொன்றிலும் வருகிறது என்று அர்த்தம் இல்லை.

இந்தச் சோதனைகளில் எதற்கும் மிஷின் வேண்டாம், இன்ஜினியரிங் பட்டம் வேண்டாம். வேண்டியது, குழாய் செய்தவருக்கு அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுக்கும் மனசு. பழைய புல்லட் ஆர்வலர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்: பில்லில் 'ஆயில் பைப்' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், என்ன குழாய், உள்விட்டம் எவ்வளவு, எந்தப் பற்று, எந்த மரை என்று எழுதி வாங்குவது. லேத்துக்காரர் முதலில் சிரிப்பார். "இதையெல்லாம் யாரு சார் கேக்குறா" என்பார். யாரும் கேட்காததால்தான் அவருக்குத் தெரிந்தது அவரோடு நிற்கிறது. அடுத்த பையன் மறுபடி மணலை நிரப்புகிறான்.

இருக்கிற ஹெட்டுகள் எத்தனை வருஷம் ஓடும் என்பது, அந்த ஒரு டீஸ்பூன் எண்ணெய் இரண்டு ராக்கருக்கும் சமமாகப் போய்ச் சேருகிறதா என்பதைப் பொறுத்தது. அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது கையில் இரண்டு காலி பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள்.